எல்லாக் கட்டமும் பச்சை, வேலை மட்டும் நகரவில்லை

மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் என்ன நடக்கும் என்று அலுவலக வேலை பார்த்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரையில் டாஷ்போர்டு ஓடும். பிரிவுக்கு ஒரு கட்டம். விற்பனை பச்சை, கணக்குப் பிரிவு பச்சை, கொள்முதல் பச்சை, வாடிக்கையாளர் சேவை மட்டும் மஞ்சள். ஒவ்வொருவராகத் தங்கள் கட்டத்துக்கு விளக்கம் சொல்லி முடிப்பார்கள். கடைசியில் ஒருவர் தயங்கியபடி, "எல்லாம் சரி சார், ஆனா கஸ்டமர் வாரக்கணக்கில் காத்திருக்கோம்னு சொல்றாங்களே" என்பார். உடனே எல்லோர் கண்ணும் மஞ்சள் கட்டத்துக்காரர் பக்கம் திரும்பும். அவர் ஆள் பற்றாக்குறை என்பார். அடுத்த மாதத்துக்குள் பச்சையாக வேண்டும் என்பார் தலைவர். மீட்டிங் முடிந்தது.

நிறுவனங்களில் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அதனால் இந்த மாதிரி மீட்டிங்குகளில் ஓரமாக உட்கார்ந்திருக்க நிறைய வாய்த்திருக்கிறது. அந்தத் திரையில் என் கண் எப்போதும் போவது கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குத்தான். ஒரு பிரிவு தன் பங்கை முடித்துத் தள்ளிவிட்டது; அடுத்த பிரிவு இன்னும் கையில் எடுக்கவில்லை. அந்த நேரம் யார் கணக்கிலும் வராது. வாடிக்கையாளரின் நாட்கள் பெரும்பாலும் கரைவது அங்கேதான்.

பாகங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், அவை ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பதற்கு அமைப்புச் சிந்தனை என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்புக்குறிகளும் வட்டங்களுமாகப் பெரிய பெரிய படங்கள் நினைவுக்கு வந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அடிப்படை அவ்வளவு மிரட்டலாக இருக்காது. அமெரிக்கப் பேராசிரியர் ரஸ்ஸல் அக்காஃப் தன் உரைகளில் ஒரு கற்பனைச் சோதனையைச் சொல்வார். சந்தையில் உள்ள கார்களையெல்லாம் வாங்கி நிறுத்துங்கள். எதில் எஞ்சின் சிறந்தது, எதில் பிரேக் சிறந்தது, எதில் கியர்பாக்ஸ் சிறந்தது என்று நிபுணர்களை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பாகங்களை மட்டும் கழற்றி ஒன்றாகப் பூட்டினால் உலகிலேயே சிறந்த கார் வந்துவிடுமா? ஓடுகிற கார் ஒன்றுகூட வராது, ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்தினால்தானே. இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்போம். ஆனால் பிரிவுக்கு ஒரு இலக்கு, பிரிவுக்கு ஒரு போனஸ், பிரிவுக்கு ஒரு தரவரிசை என்று நிறுவனத்தை நடத்தும்போது அதே காரைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சேவை நிறுவனத்தில், ஏற்கெனவே முடிந்துபோன விண்ணப்பக் கோப்பு ஒன்றை எடுத்து அதன் தேதிகளைப் படித்துப் பார்த்தேன். வரவு முத்திரை, மேசை மாறிய குறிப்புகள், மின்னஞ்சல் நேரங்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. யாராவது அதைக் கையில் எடுத்து உண்மையில் வேலை பார்த்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. முடிய ஆன காலமோ வாரக்கணக்கு. மீதி நேரமெல்லாம் அது ஏதோ ஒரு ட்ரேயிலோ யாரோ ஒருவரின் இன்பாக்ஸிலோ கிடந்திருக்கிறது.

முதல் மேசையில் இணைப்புகள் சரியா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. பார்த்து முடித்ததை உடனே அனுப்பாமல் மாலையில் கட்டாகக் கட்டி அனுப்புவது வழக்கம். இரண்டாவது பிரிவில் ஒரு விதி: விவரம் சரியில்லாத கோப்பைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். படிவத்தில் 'தேதி' என்று மொட்டையாக ஒரு கட்டம் இருந்தது. விண்ணப்பிக்கும் தேதியா, சேவை தொடங்க வேண்டிய தேதியா என்று அதில் சொல்லவில்லை. நிறையப் பேர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்பினார்கள். கோப்பு திரும்பிப் போகும்.

திருப்பி அனுப்பிய கோப்பு, மேசையை விட்டுப் போய்விட்டதால், இரண்டாவது பிரிவின் 'முடித்தவை' பட்டியலில் ஏறிவிடும். வாடிக்கையாளர் திருத்தி மறுபடி கொடுத்ததும் முதல் மேசை அதற்குப் புது எண் போடும். புது வரவு, அன்றே பார்த்து அனுப்பியாயிற்று, அவர்களுக்கும் ஒரு பச்சை. முதல் தடவையில் இரண்டு, மறுபடி வந்தபோது இரண்டு என்று, ஒரு மனிதர் ஒரே காரியத்துக்காக அலைந்ததில் இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து நான்கு 'முடித்தவை' கிடைத்திருக்கின்றன. புது எண் விழுந்த நிமிடத்தில் அதுவரை அவர் காத்திருந்த நாட்களும் கணக்கிலிருந்து அழிந்துவிட்டன. இதில் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார்கள். படிவத்தில் இரண்டு வார்த்தை சேர்த்தால் தீரக்கூடிய விஷயம்தான். ஆனால் படிவம் மூன்றாவது ஒரு பிரிவின் கையில் இருந்தது. கோப்புகள் திரும்பிப் போவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் கட்டமும் பச்சை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் செடன் என்ற ஆலோசகர் இதற்கு ஒரு நல்ல பிரிப்பைத் தந்திருக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு வந்து சேரும் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார். வாடிக்கையாளர் எதற்காக நம்மைத் தேடி வந்தாரோ அது ஒரு வகை. நாம் செய்யாமல் விட்டதாலோ அரைகுறையாகச் செய்ததாலோ திரும்பி வருவது இன்னொரு வகை. "என் ஃபைல் என்னாச்சு?", "பணம் இன்னும் வரலையே", "போன தடவை பேசினவர் வேற மாதிரி சொன்னாரே" எல்லாம் இரண்டாவது வகை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து, வரும் அழைப்புகளை ஒரு தாளில் இந்த இரண்டு பத்திகளாகக் கோடு போட்டுக் கொண்டே வந்தால் போதும், வேறு ஆய்வு எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது வகை அழைப்புக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் கோப்பைத் தேட வேண்டும், கோப்பு வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும், அவர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் தேட வேண்டும். அந்த நேரத்தில் இன்னும் சில கோப்புகள் தாமதமாகும். தாமதமானவர்கள் கூப்பிடுவார்கள். அழைப்பு கூடுகிறது என்று நிர்வாகம் சராசரி அழைப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லும். குறைத்தால் பாதிப் பதிலோடு போனை வைத்துவிடுவார்கள். அதே ஆள் நாளைக்கு மறுபடி கூப்பிடுவார். ஆண்டறிக்கையில், முந்தைய ஆண்டை விட அதிக அழைப்புகளைக் கையாண்டோம் என்று ஒரு வரி பெருமையாக வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பத்தித் தாள்தான் நினைவுக்கு வரும்.

சரி, ஆள் பற்றாக்குறை என்ற பதிலுக்கு வருவோம். சில சமயம் அது உண்மை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதம் வளர்ந்தது. அதன் மிக எளிய வடிவம் இது: வேலைகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து விழுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் ஒரே மாதிரி இல்லை, செய்பவர் ஒருவர். அவருடைய நேரத்தில் 50 சதவீதம் வேலையில் போகிறது என்றால், ஒரு கோப்பு தன் முறை வருவதற்குச் சராசரியாகக் காத்திருப்பது, ஒரு கோப்பை முடிக்க ஆகும் நேரம் அளவுதான். 80 சதவீதம் என்றால் அதுபோல 4 மடங்கு. 90 என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. 99 என்றால் 99.

80-இலிருந்து 95-க்கு ஏற்றியதில் அந்த ஒருவரிடமிருந்து கூடுதலாகக் கிடைத்த வேலை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காத்திருப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது. யாரும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வேலை ஒதுக்கும் மேலாளர், தெரிந்தோ தெரியாமலோ இந்த வளைவின் செங்குத்தான பகுதிக்குத் தன் பிரிவைத் தள்ளிக்கொண்டு போகிறார். அப்புறம் அவரே, எல்லோரும் இவ்வளவு உழைத்தும் ஏன் எதுவும் முடியவில்லை என்று வருத்தப்படுகிறார். நெடுஞ்சாலையின் பரப்பு முழுவதையும் வண்டிகளால் நிரப்பிவிட்டால் சாலையை நூறு சதவீதம் பயன்படுத்திவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் மட்டும் சொல்கிறோம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த சூத்திரம். உள்ளே 600 கோப்புகள் கிடக்கின்றன, நாளுக்கு 40 வெளியே போகின்றன என்றால், ஒரு கோப்பு உள்ளே இருக்கும் சராசரிக் காலம் 15 நாள். அவ்வளவுதான். இதைக் குறைக்க வேண்டுமானால் ஒன்று வெளியே போவது கூட வேண்டும், இல்லையென்றால் ஒரே நேரத்தில் உள்ளே கிடப்பது குறைய வேண்டும். ஒரு கோப்பில் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவது இரண்டையுமே மாற்றாது; யாருடைய கோப்பு முந்துகிறது என்பதை மட்டும்தான் மாற்றும். எஸ்கலேஷன் செய்ய, அதாவது மேலதிகாரி வரை கொண்டுபோக, தெரிந்தவருக்கு வேலை நடக்கும், தெரியாதவர் இன்னும் பின்னால் போவார்.

இதுவரை சொன்னதில் எந்த மனிதரையும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எட்வர்ட்ஸ் டெமிங் வாழ்நாள் முழுக்க அழுத்திச் சொன்னது அதைத்தான். 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றி உரையாற்றிப் பேர் பெற்றவர். சொந்த நாடான அமெரிக்கா அவரைப் பெரிதாகத் திரும்பிப் பார்த்தது அவருக்கு எண்பது வயது நெருங்கிய பிறகு. நிறுவனங்களில் வரும் குறைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, நிர்வாகத்தின் பொறுப்பு என்பது அவருடைய மதிப்பீடு. அந்த எண் அவருடைய அனுபவக் கணிப்புதான், யாரும் அளந்து சொன்னது கிடையாது. அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அவர் மேடையில் நடத்திக் காட்டிய சிவப்பு மணி விளையாட்டு அந்த எண்ணை விட வலுவானது.

ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. பார்வையாளர்களிலிருந்து ஆறு பேரைத் 'தொழிலாளர்'களாக மேடைக்கு அழைப்பார். இன்னும் சிலர் ஆய்வாளர்கள், ஒருவர் கணக்கு எழுதுபவர். டெமிங் ஃபோர்மேன். தொழிலாளரிடம் 50 குழிகள் உள்ள ஒரு துடுப்புப் பலகையைக் கொடுப்பார். பெட்டிக்குள் அதை விட்டு, சொன்ன கோணத்தில் சாய்த்து எடுக்க வேண்டும். குழிக்கு ஒன்றாக 50 மணிகள் வரும். வெள்ளைதான் சரக்கு, சிவப்பு குறையுள்ளது. ஒருவர் எடுத்துக்கொண்டு வருவார், 9 சிவப்பு. இன்னொருவர் 14. டெமிங் கடுமையான முகத்தோடு 14 எடுத்தவரைக் கண்டிப்பார், 5 எடுத்தவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுவார், சம்பள உயர்வு தருவார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் 11 எடுப்பார். "தலைக்கனம் ஏறிவிட்டது" என்பார். திட்டு வாங்கியவர் 8 எடுப்பார். "பார்த்தீர்களா, கண்டித்ததும் முன்னேறிவிட்டார்" என்பார். கடைசியில் மோசமான மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பி, சிறந்த மூன்று பேரை இரட்டை ஷிஃப்ட் போடுவார். சிவப்பு குறையாது.

எப்படிக் குறையும்? பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பதில் சராசரியாக 10 வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது சாதாரண ஏற்ற இறக்கம்தான். அதற்கும் எடுத்தவரின் திறமைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மேடையில் நிற்கும் ஆறு பேருக்கும் அது தெரியும். தெரிந்தும், 14 எடுத்தவர் முகம் உண்மையாகவே சுருங்கிவிடும் என்று அந்தப் பயிற்சியில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் அப்ரைசல் கடிதம் கையில் வாங்கியவர்களுக்கு அந்த முகச்சுருக்கம் புதிதாக இருக்காது.

விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தொழிற்சாலை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. நாள்தோறும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது சகஜம். நிர்வாகமும் தொழிற்சங்கமும் எப்போதும் மல்லுக்கட்டு. 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தில் நம்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதே தொழிற்சங்கம். ஆட்களிலும் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். சில ஆண்டுகளுக்குள் அந்த ஆலையின் தரம் ஜப்பானிலுள்ள டொயோட்டா ஆலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வேலைக்கு வராதவர்கள் விகிதமும் அடியோடு இறங்கியது.

அங்கே மாறியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது தலைக்கு மேல் ஓடும் ஒரு கயிறு. பழைய ஆலையில் எது நடந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. குறையோடு போகும் காரைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். புதிய ஏற்பாட்டில், ஏதாவது சரியில்லை என்றால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார், என்ன பிரச்சினை என்று கேட்பார், கூடச் சேர்ந்து சரிசெய்வார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். குறை எங்கே பிறந்ததோ அங்கேயே தெரிந்துவிடுகிறது, தெரியும்போது யாரும் திட்டுவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கயிற்றைத் தன் மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோக முயன்றது. கயிறு சுலபமாகப் போய்விட்டது. இழுத்தால் என்ன நடக்கும் என்பது போகப் பல ஆண்டுகள் பிடித்தன. சில இடங்களுக்குப் போய்ச் சேரவேயில்லை. வரிசையை நிறுத்தினால் மேற்பார்வையாளரின் அன்றைய எண்ணிக்கை அடிபடும் என்ற கணக்கு அப்படியே இருக்கும்போது, கயிறு மட்டும் தொங்கி என்ன பயன்?

இலக்குகள் பற்றித் தனியாக நிறையச் சொல்ல எனக்கு ஆசையில்லை, எல்லோரும் அடிபட்டிருக்கிறோம். ஒரே ஒரு உதாரணம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்று கிளைகளை விரட்டியது. 2016-இல் வெளியான விவரம்: வாடிக்கையாளருக்குத் தெரியாமலே திறக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்ட கணக்குகள் சுமார் 20 லட்சம், அபராதம் 18.5 கோடி டாலர், சில ஆண்டுகளில் வேலையிழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர். ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் தனித்தனியாகக் கெட்டவர்கள் என்று நம்புவது சிவப்பு மணி எடுத்தவரைத் திட்டுவது போலத்தான். அதே சமயம் இலக்கே வைக்கக் கூடாது என்று பேசுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைக் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு வந்தபோது, நீண்ட காத்திருப்புகள் நிஜமாகவே குறைந்தன. கூடவே, நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் திடீரென்று ஏராளமான நோயாளிகள் அனுப்பப்படுவதும் தரவில் தெரிந்தது. இரண்டும் ஒரே இலக்கின் விளைவு. எந்த எண்ணை வைத்தாலும் அதைச் சுற்றி வேலை எப்படி வளையும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தாமதம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் அது. எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் அடிப்படையில் மின்பொறியாளர். ஆரம்பகாலக் கணினிகளின் காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1956-இல் நிர்வாகவியல் பள்ளிக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தினர் ஒரு புதிரோடு வந்தார்கள். கென்டக்கியில் உள்ள அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் சில காலம் மூன்று ஷிஃப்டும் ஓடும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பொருளாதாரச் சுழற்சி என்று சொல்லிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. ஃபாரெஸ்டர் அவர்கள் ஆள் எடுக்கும் முறை, சரக்கு இருப்பு வைக்கும் முறை இவற்றைக் கேட்டுக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும், அவர்களுடைய முடிவெடுக்கும் விதிகளே ஆலையை ஏற்றி இறக்கப் போதுமானவையாக இருந்தன.

அந்தப் பள்ளியில் 1960-களில் உருவான 'பியர் விளையாட்டு' இன்றைக்கும் உலகெங்கும் நடத்தப்படுகிறது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் ஒரே வரிசையில். வாரத்துக்கு ஒரு தடவை பின்னால் இருப்பவருக்கு ஆர்டர் சீட்டு அனுப்பலாம். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் பிடிக்கும். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளர் தேவை முதல் சில வாரங்கள் 4 பெட்டி. பிறகு 8 ஆகிறது. அதற்கப்புறம் கடைசி வரை 8-தான். இந்த ஒரே ஒரு படிதான் மொத்த மாற்றமும்.

நடப்பது என்ன? சில்லறை வியாபாரியிடம் சரக்கு தீர்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். சரக்கு வரவில்லை, வரத்தான் வாரங்கள் ஆகுமே. பதறி இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் அந்தப் பதற்றத்தைத் தேவை என்று எடுத்துக்கொண்டு தன் பதற்றத்தையும் சேர்த்து அனுப்புகிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது 8 எங்கேயோ போய்விட்டிருக்கும். பிறகு கேட்டதெல்லாம் ஒரேயடியாக வந்து குவியும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விளையாட்டு முடிந்ததும், வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னால், ஆலைக்காரர்கள் பெரிய அலை ஒன்றை வரைவார்கள். உண்மையான கோட்டைக் காட்டியதும் அறையில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். மாணவர்கள் ஆடினாலும் நிறுவனத் தலைவர்கள் ஆடினாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நிறுவனங்களில் இதே ஆட்டம் ஆள் எடுப்பதில் நடக்கிறது. வேலை கூடுகிறது, ஆள் கேட்கிறார்கள், ஒப்புதல் கிடைத்து, விளம்பரம் வந்து, நேர்காணல் முடிந்து, ஆள் வந்து பழகுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பழகும் காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய ஆளின் வேலையும் குறையும். ஆக, ஆள் வந்ததும் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும். இன்னும் ஆள் கேட்பார்கள். எல்லோரும் தேறி நிற்கும்போது வேலை குறைந்திருக்கும். ஆட்குறைப்புப் பேச்சு தொடங்கும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு வருமுன் ஒரு எச்சரிக்கை. 'சிஸ்டம் சரியில்லை' என்பது சோம்பேறித்தனத்துக்கு ஒரு நல்ல போர்வையாகவும் ஆகிவிட்டது. அப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்து போகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. டெமிங் அப்படி விட்டுவிடவில்லை. அவருக்கு முன்னோடியான வால்டர் ஷூஹார்ட் 1924-இலேயே வழக்கமான ஏற்ற இறக்கத்தையும் தனிக் காரணத்தால் வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தந்துவிட்டார். கடந்த இருபது, இருபத்தைந்து மாத எண்களைப் புள்ளியாக வைத்து, சராசரிக்கு ஒரு கோடும் மேலும் கீழும் எல்லைக் கோடும் போட்டால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எல்லைக்குள் ஆடும் புள்ளிக்கு "போன மாசம் ஏன் இறங்கிச்சு?" என்று ஒருவரை நிற்க வைத்துக் கேட்பது வீண். எல்லையைத் தாண்டிய புள்ளிக்குக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு பெயரோ ஒரு இயந்திரமோ ஒரு நிகழ்வோ காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் அமைப்புச் சிந்தனை சார்ந்த கருவிகளில் இந்த ஒரு வரைபடத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆளுயரத்துக்கு அம்புக்குறிப் படம் வரைந்து சுவரில் ஒட்டியவர்கள் மன்னிக்கவும்.

அமைப்புச் சிந்தனை பற்றி எழுதிய அமெரிக்க ஆய்வாளர் டொனெல்லா மெடோஸ், ஓர் அமைப்பில் எங்கெங்கே கை வைக்கலாம் என்று 12 இடங்களை வரிசைப்படுத்தினார். அதில் எண்களை மாற்றுவது, அதாவது இலக்கை ஐந்து சதவீதம் ஏற்றுவது, பட்ஜெட்டைப் பத்துக் குறைப்பது போன்றவை, கடைசி இடத்தில் இருக்கின்றன. தகவல் யாருக்குப் போகிறது, விதிகள் யார் கையில், அமைப்பு எதற்காக இருக்கிறது என்பவையெல்லாம் அதற்கு வெகு மேலே. ரிவ்யூ மீட்டிங்கில் பேசப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தைப் பற்றித்தான்.

அதனால் நான் சொல்வது சின்னதாகத்தான் இருக்கும். நிறுவனம் முழுவதையும் மாற்றப் புறப்பட வேண்டாம். ஒரே ஒரு வகை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாடிக்கையாளரின் கையை விட்டுப் போன நிமிடத்திலிருந்து காரியம் முடிந்து அவர் கையில் கிடைத்தது வரை ஆன காலத்தை அளக்கத் தொடங்குங்கள். நடுவில் திரும்பி வந்தாலும் கடிகாரம் நிற்கக் கூடாது, புது எண் கூடாது. அந்த எண் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான எண். பிறகு படிவத்தை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர், தன் உதவியாளரை அனுப்பாமல் தானே, ஒரு கோப்பின் கூடவே மேசை மேசையாக நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் "இதை ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டால் போதும். "இப்படிச் செய்யச் சொல்லி எழுதியிருக்கு" என்ற பதில் எங்கே வருகிறதோ அங்கே நின்று, யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று தேட வேண்டும். எழுதிய காரணம் போய் வெகுநாள் ஆகியிருக்கும் விதிகள் எண்ணிக்கையில் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான் வரும். மொத்தக் காலம் குறைய வேண்டுமானால் ஏதோ ஒரு பிரிவில் கொஞ்சம் காலி நேரம் இருந்தாக வேண்டும். எர்லாங் கணக்கு வேறு வழி விடாது. அந்தப் பிரிவின் தலைவர் அடுத்த ரிவ்யூவில் எழுந்து, "எங்க ஆட்கள் எண்பது சதவீதம்தான் பிஸி, அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அவருடைய போனஸ் இன்னும் பழைய கட்டத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது என்றால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை, சொல்லாவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே கோப்போடு நடக்கத் தொடங்கும் முன்பே நிறுவனத் தலைவரோடு தனியாக உட்கார்ந்து, அந்த ஒரு பிரிவின் பழைய கட்டத்தை டாஷ்போர்டிலிருந்து எடுத்துவிட ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.